பதினான்கா, பதினைந்தா

குவாண்டனாமோ விரிகுடா, கடற்படைத் தளம்
11 ஜூலை 2006

லூசியன்,

'அன்புள்ள' என்று தொடங்கத்தான் நினைத்தேன். அன்பு இன்னும் வந்து சேரவில்லை. இங்கே எல்லாமே வாரத்துக்கு இரண்டு முறை வரும் சரக்கு விமானத்தில்தான் வருகிறது. வந்ததும் தெரிவிக்கிறேன்.

இந்தக் கடிதம் அம்மாவின் உத்தரவு. நாம் போனில் ஒருவர்மேல் ஒருவர் கத்திவிட்டு, மிச்சத்தைக் கத்த அவளைத்தானே கூப்பிடுகிறோம்? நேற்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "போதும்டி. எனக்குக் காது வலிக்குது, உங்கப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது. சண்டை போடணும்னா ரெண்டு பேரும் காகிதத்துல போடுங்க. எழுதுறப்பவாச்சும் யோசிப்பீங்க."

சரி, காகிதத்தில் போடுகிறேன். ஜூலை நான்காம் தேதி விருந்தில், அம்மா பரிமாறிய கம்போவை, அந்த இறால் குழம்பைத் தொடாமல் நீ எழுந்து போனது அநாகரிகம். அதற்கு முன்னால் உன் மடியில் ஐஸ் தேநீரை நான் கொட்டியதும் அநாகரிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ சொன்னது என்ன? "நான் சட்டம் போடல ஓடெட், அவங்க சொல்றதை எழுதுறேன், அவ்வளவுதான்." ராணுவ நீதிமன்றத்தில் ஒரு மனிதனுக்காக வாதாடும் அக்காவிடம் இதைச் சொன்னால் அவள் கை சும்மா இருக்குமா?

அந்த மனிதனைப் பற்றி நீ கேட்கவே இல்லை. பெயர் ஃபராஜ். யேமனில் முக்கல்லாக்காரர். கராச்சி மீன்பிடித் துறைமுகத்தில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். 2002-இல் சட்டைப் பையில் ஒரு தாளோடு பிடிபட்டார். மெக்கானிக் வேலையெல்லாம் வெளிவேஷம், ஆள் பயங்கரவாதி என்கிறது அரசாங்கம். வழக்கு முழுக்க அந்த ஒரு தாளின் மேல் நிற்கிறது. தாள் இரகசியம். அதை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அனுமதி உண்டு. அவருக்குக் கிடையாது. அதில் என்ன இருக்கிறது என்று நான் வாய் திறந்தால் அடுத்த சிறை அறை எனக்குத்தான். பார்த்த எனக்கு அது புரியவில்லை, புரியக்கூடிய ஆளிடம் காட்ட வழியில்லை. நான் எதை வைத்து வாதாடுவது, சொல்லு!

போன மாதம் உச்ச நீதிமன்றம், ஜனாதிபதி தன் இஷ்டத்துக்கு அமைத்த இந்த ராணுவ நீதிமன்றங்கள் செல்லாது, வேண்டுமானால் மக்கள் பிரதிநிதிகள் சட்டம் போட்டு அமைக்கட்டும் என்றது. நான் இங்கே குதித்தேன். அடுத்த வாரம் பார்த்தால், அந்தச் சட்டத்தை எழுத உட்கார்ந்திருப்பது என் தம்பி. வாஷிங்டனில் பேனா பிடிக்க வேறு ஆளே இல்லையா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஃபராஜ் அந்தத் தாளைப் பார்க்கும்படி எழுது.

ஓடெட்


வாஷிங்டன்
24 ஜூலை 2006

அன்புள்ள ஓடெட்,

எனக்கு அன்பு கைவசம் இருக்கிறது. தேநீர்க் கறைதான் போகவில்லை. அது என்னிடம் இருந்த ஒரே நல்ல வெள்ளைக் கால்சட்டை.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. நீ கேட்டதே தப்பு. மசோதா அச்சாகி வெளியே வரும்வரை அதில் என்ன இருக்கிறது என்று நான் என் தலையணையிடம்கூடச் சொல்லக் கூடாது. நீ எதிர்த்தரப்பு என்பதால் அல்ல. நீ அதிபராக இருந்தாலும் இதே பதில்தான்.

என் வேலையை நீ கேலி செய்வது புதிதில்லை. இருந்தாலும் கடைசித் தடவையாக விளக்குகிறேன். ஒரு செனட்டர் வந்து, யானை பறக்கலாம் என்று சட்டம் வேண்டும் என்கிறார். எந்த யானை, எவ்வளவு உயரம், இறங்க யார் அனுமதி தர வேண்டும் என்று கேட்டு எழுதுவது என் வேலை. யானை பறக்கக் கூடாது என்று சொல்வது என் வேலை இல்லை. அதற்கு மக்கள் வேறு ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த யானைக்குச் சொந்தக்காரர் குழுத் தலைவர் செனட்டர் வார்ட்லா. வயது எழுபத்தெட்டு. இளமையில் பீரங்கிப் படையில் இருந்தவர், அதனால் இரண்டு காதிலும் கருவி. அந்தக் கருவிகளைத் தேவைப்பட்டால்தான் போடுவார், தேவை அவருக்கு அடிக்கடி வருவதில்லை.

பெருமையாகவே சொல்கிறேன், பதினோரு வருடத்தில் என் மசோதா ஒன்றில்கூட ஒரு காற்புள்ளி இடம் மாறியதில்லை. எங்கள் அலுவலக முறை அப்படி. ஒருவர் காற்புள்ளி, அடைப்புக்குறி உட்பட எல்லாவற்றையும் உரக்க வாசிப்பார், மற்றவர் பென்சிலோடு பின்தொடர்வார். என் வாசிப்பு ஜோடி பெர்ட்ராண்ட், இரட்டைக் குழந்தை பிறந்ததால் விடுப்பில் போய்விட்டான். இப்போது நானே வாசித்து நானே பின்தொடர்கிறேன். நேற்று துப்புரவுப் பெண்மணி எட்டிப் பார்த்து, "யாருகூட சார் பேசுறீங்க?" என்றாள். பிரிவு ஒன்பதுடன் என்றேன். அதன்பிறகு அவள் என் அறைக் குப்பையை எடுக்க வரவில்லை.

ஃபராஜைப் பற்றி எழுது. சட்டப்படி எனக்குத் தெரியக்கூடியதை மட்டும்.

லூசியன்


குவாண்டனாமோ விரிகுடா
6 ஆகஸ்ட் 2006

லூசியன்,

சட்டப்படி உனக்குத் தெரியக்கூடியது: ஃபராஜ் குள்ளம். முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. நான் சீருடையில் போனதால் முதல் மூன்று சந்திப்பிலும் என்னோடு பேசவில்லை. நாலாவது தடவை மொழிபெயர்ப்பாளர் ஜுமானாவிடம், "இந்த அம்மாவோட சட்டையில எத்தனை பொத்தான்! என்னைக் காப்பாத்த வந்தாங்களா, பேண்டு வாசிக்க வந்தாங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து சிநேகம்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு சிரிப்புக் கதை சொன்னார். ஜுமானா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். வெளியே நின்ற காவலாளி, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கதவைத் திறந்துவிட்டான்.

அதை உனக்கு எழுதலாம் என்று பார்த்தால், முடியாது! அவர் தன் ஊரையும் ஆட்களையும் பற்றிச் சொல்வதெல்லாம், தணிக்கைக் குழு பார்த்து விடுவிக்கும்வரை, இரகசியம் என்றே கணக்கு. நான் எடுத்த குறிப்பை முத்திரை உறையில் போட்டு அனுப்பினேன். நேற்றுத் திரும்பி வந்தது. அப்படியே நகலெடுத்துத் தருகிறேன்:

'முக்கல்லாவில் ஒருத்தன் புது (கறுப்பு மை) வாங்கினான். மறுநாள் (கறுப்பு மை) உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். (இரண்டு வரி கறுப்பு மை).'

கூடவே ஒரு சீட்டு. 'மாமியார் என்று குறிப்பிடப்படுபவர் யார்? உண்மையான உறவா, சங்கேதப் பெயரா? விளக்கவும்.' ஒரு கடற்படை அதிகாரி உட்கார்ந்து, மாமியார் என்றால் மாமியார்தான் என்று இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். இதற்கா நான் சட்டம் படித்தேன்!

சிரிக்காதே. சிரிப்புக் கதைக்கே இந்தப் பாடு என்றால் அந்தத் தாளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "வக்கீலம்மா, அந்தத் தாள்ல அப்படி என்னதான் எழுதியிருக்கு? என் சட்டைப் பையில எப்பவும் பத்துத் தாள் இருக்கும்மா. எதைச் சொல்றாங்க?" நான் சுவரைப் பார்ப்பேன். அந்த அறையின் சுவர் எனக்கு மனப்பாடம்.

ஓடெட்


வாஷிங்டன்
19 ஆகஸ்ட் 2006

அன்புள்ள ஓடெட்,

பெர்ட்ராண்டின் மாமியார் அவன் வீட்டில் ஒரு மாதமாகத் தங்கியிருக்கிறாராம். உன் கடிதத்தைப் போனில் வாசித்துக் காட்டினேன். சங்கேதப் பெயர் என்றே வைத்துக்கொள்ளலாம் என்கிறான்.

மசோதா அச்சாகிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதனால் ஒரு பிரதி இத்துடன். நடுவில் செனட்டர் ஒருவர் உடை பற்றி ஒரு பிரிவு வேண்டும் என்று அடம்பிடித்தார். ராணுவ நீதிபதி மேலங்கி அணிய வேண்டுமா, அதன் நிறம் என்ன என்பதெல்லாம். அதையும் நுழைத்தாகிவிட்டது. மொத்தம் நாற்பத்தொரு பிரிவு.

ஓடெட், 27-ஆம் பிரிவைப் படிக்கும்போது தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி. கையில் தேநீர் வேண்டாம். நீ கேட்டது அதில் இல்லை. நீ கேட்டதற்கு நேர்மாறானது இருக்கிறது. என்னிடம் அதை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். எழுதிய அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை என்று சொன்னால் நம்புவாயா? நம்ப வேண்டாம். எனக்கே அது பெரிதாகத் தெரியவில்லை.

லூசியன்


குவாண்டனாமோ விரிகுடா
1 செப்டம்பர் 2006

என் தங்கமே, என் செல்லமே, லூசியன்!

அன்பு வந்து சேர்ந்தது. இரண்டு மூட்டை! விமானத்திலிருந்து இறக்க ஆள் தேவைப்பட்டது!

நீ சொன்னபடி உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். 27: 'பிரிவு 14-இல் கூறப்பட்ட உரிமை, இரகசியச் சாட்சியத்தைப் பொறுத்தவரை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு இல்லை.' பல்லைக் கடித்துக்கொண்டு 14-க்குப் புரட்டினேன். 14 என்ன தெரியுமா? தெரியாமல் இருக்குமா, கள்ளா! 'நீதிபதி கறுப்பு மேலங்கி அணியும் உரிமை உடையவர்.' சாட்சியத்தைப் பார்க்கும் உரிமை 15-இல் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் தொடவே இல்லை!

அதாவது உன் சட்டப்படி, இரகசியச் சாட்சியம் வரும்போது ஃபராஜ் கறுப்பு மேலங்கி போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டுக்கொள்ள மாட்டார், நான் ஜாமீன்! தாளை மட்டும் பார்ப்பார்!

அந்த உடைப் பிரிவை நடுவில் நுழைத்து எல்லா எண்ணையும் ஒன்று தள்ளிவிட்டு, 27-க்குள் இருக்கும் எண்ணை மட்டும் தள்ளாமல் விட்டிருக்கிறாய். நூறு செனட்டர்களில் ஒருவன் கண்ணிலும் படாது. தேநீர் வேண்டாம் என்று எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், நீ கண்ணடிக்கிறாய் என்று. உன்னைப் பேனா பிடித்த பொம்மை என்று அம்மாவிடம் சொன்னேன். திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெள்ளைக் கால்சட்டை இரண்டு வாங்கித் தருகிறேன்.

பி.கு.: சிரிப்புக் கதைக்கு விடுதலை கிடைத்துவிட்டது! இதோ: முக்கல்லாவில் ஒருத்தன் புது ஃப்ரிட்ஜ் வாங்கினான். கதவைச் சாத்தினால் உள்ளே லைட்டு அணைகிறதா என்று அவனுக்குச் சந்தேகம். கடைக்காரன், "அணையும்யா, போய்யா" என்றான். இவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மாமியாரை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினான். சாயங்காலம் கடைக்காரன், "என்னய்யா, லைட்டு அணைஞ்சுதா?" என்று கேட்டான். "எங்கேய்யா, அவ என்னைத் திட்டுறதை நிறுத்துனாத்தானே கேட்க முடியும்!"

உன் அக்கா ஓடெட்


வாஷிங்டன்
9 செப்டம்பர் 2006

ஓடெட்,

நீ இதை எனக்கு எழுதியிருக்கவே கூடாது.

நான் கண்ணடிக்கவில்லை. அது தப்பு. பச்சையான, முழுமையான, என்னுடைய தப்பு. உடைப் பிரிவை நுழைத்த அன்று எல்லா எண்ணையும் நானே உரக்க வாசித்தேன். 27 வந்தபோது 'பதினான்கு' என்று வாசித்தேன், பென்சில் பிடித்த நானும் 'பதினான்கு, சரி' என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் ஒரே முட்டாளாக இருந்தால் இப்படித்தான். பெர்ட்ராண்ட் இருந்திருந்தால் பிடித்திருப்பான்.

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். உன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை என்பது நிஜம். நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது என்பதும் நிஜம். நீ சந்தோஷத்தில் எழுதியதை எடுத்து உன் கட்சிக்காரருக்கு எதிராகவே பயன்படுத்தப் போகிறேன்.

ஆமாம், திருத்தப் போகிறேன். செனட் குழுவுக்குச் சொல்லியாகிவிட்டது. வேறு வழி இருக்கிறதா என்று யோசித்தேன், இல்லை. அவர்கள் எழுதச் சொன்னது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், நாளைக்கு யாருக்கு எது பிடிக்காவிட்டாலும் ஒரு எண்ணை மாற்றி வைக்கலாம் என்று ஆகிவிடும். அடுத்த தடவை அது உன் பக்கம் இருக்காது. அதோடு, உன் வழக்கின் நடுவில் அரசு வக்கீல் எழுந்து, இது அச்சுப்பிழை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஃபராஜ் நீட்டிய கையிலிருந்து தாளைப் பிடுங்கிவிடுவார்கள்.

இதெல்லாம் சரியான காரணங்கள். அவற்றை எழுதி முடித்த பிறகும் நான் ஒரு அயோக்கியன் என்றே எனக்குத் தோன்றுகிறது. என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை.

லூசியன்


குவாண்டனாமோ விரிகுடா
16 செப்டம்பர் 2006

திருவாளர் சட்ட வரைவாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் காற்புள்ளிகள் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்று ஃபராஜ் என்னிடம், "என்னம்மா, போன வாரம் சிரிச்சுக்கிட்டே வந்தீங்க, இன்னைக்கு முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். அதற்கும் சுவரைத்தான் பார்த்தேன்.

கடற்படை வக்கீல்


வாஷிங்டன்
21 செப்டம்பர் 2006

ஓடெட்,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படி.

எங்கள் குழுவில் ஒரு பழைய வழக்கம் உண்டு. அச்சான மசோதாவில் பிழை திருத்த வேண்டுமென்றால், அதை எழுதியவனே எல்லோர் முன்னிலும் எழுந்து நின்று, பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் உரக்க வாசிக்க வேண்டும். யாரும் கேட்பதில்லை. செனட்டர்கள் காபி ஊற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த நேரம் அது.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்து நின்றேன். இரண்டு மாதமாக வெறும் சுவரைப் பார்த்து உரக்க வாசித்துப் பழகிவிட்டதா, என் குரல் எனக்கே தெரியாமல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது. "பிரிவு 27-இல் 'பதினான்கு' என்பதை நீக்கி 'பதினைந்து' என்று மாற்றுக." காபிக் கோப்பைகள் அப்படியே நின்றன. வார்ட்லா தன் காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தார். அன்றைக்கென்று அது வேலை செய்துகொண்டிருந்தது.

"ஏம்ப்பா கத்துறே? என்ன மாத்துறே?"

"ஒரு எண் தப்பாப் போச்சுங்க ஐயா. என் தப்பு."

"பதினாலுல என்ன இருந்துச்சு?"

"நீதிபதியோட மேலங்கிங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பதினஞ்சுல?"

"தன் மேல சொல்ற சாட்சியத்தைப் பார்க்குற உரிமைங்க."

"அப்போ இருபத்தேழு என்ன சொல்லுது? சட்டப் பாஷையில வேணாம். எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

இங்கேதான், ஓடெட், நான் ஒரு காரியம் செய்தேன். என் வேலையில் எனக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாது, அதனால் கருத்து எதுவும் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னேன், அவ்வளவுதான். "சாட்சியம் இரகசியம்னு அரசாங்கம் சொல்லிட்டா, கைதி அதைப் பார்க்கக் கூடாதுங்க. அவரோட வக்கீலும் அவர்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா அதை வச்சே அவருக்குத் தண்டனை குடுக்கலாம்."

"எவ்வளவு தண்டனை?"

"ஆயுள் வரைக்குங்க."

"தூக்கு?"

"அதுவும் உண்டுங்க."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை எவன் எழுதுனது?"

"நான்தாங்க."

"எவன் எழுதச் சொன்னான்?"

"நீங்கதாங்க ஐயா. ஜூலை பத்தொன்பது. உங்க கையெழுத்து இருக்கு."

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணருகே வைத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். அப்புறம் தன் பக்கத்து ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "நான் பீரங்கிப் படையில இருந்தப்ப, ராணுவக் கோர்ட்டுல என் ஆளு ஒருத்தனுக்காகச் சாட்சி சொல்லப் போனேன். பூட்ஸ் திருடுனான்னு வழக்கு. முதல் வேலையா அந்தப் பூட்ஸை எடுத்து அவன் கையில குடுத்தாங்கய்யா. அவன் காலை விடவே ரெண்டு சைஸ் சின்னது! இந்தக் கைதிங்க மேல எனக்கு ஒரு பாசமும் கிடையாது. ஆனா காட்ட முடியாததை வச்சு ஒருத்தனைத் தூக்குல போட நான் கையெழுத்துப் போட்டேன்னு என் பேரன் படிக்கக் கூடாது. இரகசியமா, வச்சுக்கோ. அப்போ அதைக் கோர்ட்டுக்குக் கொண்டு வராதே."

ஒரு மணி நேரம் சண்டை. அவருடைய கட்சி செனட்டர்களே அவரைப் பிய்த்து எடுத்தார்கள். கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பதிமூன்றுக்குப் பன்னிரண்டு. 27 போய்விட்டது. அதன் இடத்தில் அங்கேயே உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதினேன்: 'குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காட்டப்படாத எதையும் நீதிமன்றம் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது.'

பெர்ட்ராண்ட் விடுப்பிலிருந்தபடியே போனில் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தான். பின்னணியில் இரண்டு குழந்தைகளும் ஒரு மாமியாரும்.

லூசியன்


குவாண்டனாமோ விரிகுடா
3 அக்டோபர் 2006

லூசியன்,

கிழிக்கவில்லை. ஆறு தடவை படித்தேன். ஜுமானாவுக்கு வாசித்துக் காட்டினேன், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேஜைக்கும் வாசித்துக் காட்டினேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. நீ திருத்தாமல் இருந்திருந்தால் அந்தக் கிழவர் படித்திருக்கவே மாட்டார், அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நான் ஆசைப்பட்டபடி நீ விட்டிருந்தால், அச்சுப்பிழை என்ற ஒரே வார்த்தையில் நாம் தோற்றிருப்போம்! இதை நான் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை.

போன வாரம் நிறைவேறிய உன் சட்டம் நல்ல சட்டம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. மற்ற நாற்பது பிரிவிலும் எனக்குச் சண்டை இருக்கிறது. கைதிகள் சாதாரண நீதிமன்றத்துக்குப் போகவே முடியாதபடி கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறீர்கள். அதற்குத் தனிக் கடிதங்கள் வரும், பட்டியல் தயாராகிறது. வெள்ளைக் கால்சட்டை ஒன்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு இல்லை, ஒன்று.

ஓடெட்


குவாண்டனாமோ விரிகுடா
14 ஜூன் 2007

லூசியன்,

நேற்று ஃபராஜ் அந்தத் தாளைப் பார்த்தார். உன் புது 27-ஆம் பிரிவால், காட்டாமல் வழக்கு நடத்த அவர்களுக்கு வழியில்லை.

திறந்த நீதிமன்றத்தில் காட்டியாகிவிட்டதால் இனி அது இரகசியமில்லை. ஒரு வருடமாக என் தொண்டையில் மாட்டியிருந்ததை இப்போது எழுதுகிறேன். அரபியில் ஐந்து வரி. அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பு: 'நேரக் கருவி நான்கு. வாயு உருளை ஆறு. சூடேற்றும் கம்பி பன்னிரண்டு முழம். எட்டு மணிக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமைக்குள்.' நீயே சொல், இதைப் பார்த்தால் யார் வெடிகுண்டு என்று நினைக்க மாட்டார்? அவரை எவ்வளவு நம்பினாலும், இதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கே உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன.

அரசு வக்கீல் தாளை அவர் முன்னால் வைத்தார். ஃபராஜ் குனிந்து பார்த்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இது என் கையெழுத்துதான்" என்றார். என் உயிரே போய்விட்டது.

"இதுக்கா?" என்றார் அடுத்தபடியாக. "வக்கீலம்மா, இதுக்கா அஞ்சு வருஷம்? இது மீன் கிடங்கு ஃப்ரிட்ஜுக்கு வாங்க வேண்டிய சாமான்மா!"

நீதிபதி கர்னல் பெட்டிகுரூ கண்ணாடியை இறக்கினார். "ஃப்ரிட்ஜுக்கு எதுக்கு நேரக் கருவி?"

"ஐஸ் உருக்குற டைமருங்க, நீதிபதி ஐயா. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அது குளிரை நிறுத்தி, இந்தக் கம்பியைச் சூடாக்கி, உள்ளே படியுற ஐஸை உருக்கிடும். இல்லேன்னா ஒரே வாரத்துல உள்ளே மலை மாதிரி ஐஸ் கட்டி, மீன் வைக்க இடம் இருக்காது. வாயு, குளிர் பிடிக்குற கேஸுங்க. வெள்ளிக்கிழமை படகு வரும், அதுக்குள்ள முடிக்கணும்."

அரசு வக்கீல் எழுந்து, யார் வேண்டுமானாலும் இப்படி ஒரு கதை கட்டலாம் என்றார். ஃபராஜ் அவரைப் பார்க்கவே இல்லை. நீதிமன்ற மூலையில் தண்ணீர் பாட்டில் வைக்கும் ஃப்ரிட்ஜ் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தார். "அதுலயும் இருக்குமுங்க. திருப்புளி குடுத்தா காட்டுறேன்."

கைதிக்குத் திருப்புளியா! ஐந்து நிமிடம் ஆலோசனை நடந்தது. கடைசியில் காவலுக்கு நின்ற சார்ஜெண்ட் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஃபராஜ் நாற்காலியில் விலங்கோடு உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுத்தார், ஜுமானா மூச்சு விடாமல் மொழிபெயர்த்தாள். "கீழே நாலு திருகு. மெதுவா, மெதுவா! அந்தப் பச்சை வயரைத் தொடாதே. இடது பக்கம் வெள்ளையா ஒரு டப்பா. ஆங், அதான்." சார்ஜெண்ட் அதைக் கழற்றிக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். கர்னல் அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தார். ஒரு தடவை மனதுக்குள், ஒரு தடவை உரக்க: "ஐஸ் உருக்கும் டைமர். எட்டு மணி நேரம்."

அரசு வக்கீலே உட்கார்ந்துவிட்டார். இன்று காலை குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. குற்றம் இல்லாவிட்டாலும் வைத்திருக்கலாம் என்று வேறொரு காகிதம் இருக்கிறதாம். அதோடு நாளை முதல் சண்டை போடப் போகிறேன். ஆனால் அவர் இனிக் குற்றவாளி இல்லை. நேற்று கழிப்பறையில் போய் அழுதேன். சீருடையோடு அழுவது விதிக்கு விரோதமா என்று நீ பார்த்துச் சொல்.

இன்னும் ஒன்று. நேற்று எல்லாம் முடிந்து கர்னல் எழுந்திருக்கும்போது ஃபராஜ் கை தூக்கினார்.

"ஐயா, இந்த டைமரு தேஞ்சு போச்சுங்க. மாத்தலேன்னா இன்னும் ரெண்டு மாசத்துல ஃப்ரிட்ஜு போயிரும். என்ன சாமான் வாங்கணும்னு ஒரு தாள்ல எழுதித் தரேன்." சொல்லிவிட்டு நிறுத்தினார். "எழுதலாமுங்களா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. பேனா கேட்டு நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு, பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார்.

கர்னல் சிரிப்பதை நிறுத்தினார். படியிறங்கி வந்து, தன் பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். "எழுதுங்க. மேலே என் பேரைப் போட்டு எழுதுங்க" என்றார்.

ஃபராஜ் எழுதினார். ஒரே வரி, டைமர் ஒன்று. ஜுமானா வாசித்துச் சொன்னாள், கர்னல் அதன் கீழே, படித்துப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஓடெட்